அம்மாவுக்கு விழுந்த தேசம்

நம் வயதில் இப்போது யாரைப் பார்த்தாலும் முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு அடுத்தது மாத்திரை. மூன்றாவது மருமகள். இந்த மூன்றையும் இன்று ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு, மாட்டுப்பட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாம் சிறுபிள்ளைகளாக இருந்த அந்த ஒரு வருடத்தை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். தப்பு இருந்தால் திருத்துங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திருத்துங்கள். நடுவில் புகுந்து பேசினால் எனக்குக் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மலையில் தேயிலை ஏற்றிக்கொண்டு ஓடிய சின்ன ரயில் வெள்ளத்தில் அடித்துப் போய் மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அதன் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுதான் நம் ஜெபக்கூடத்துக்கு மணி. மண்சுவர், தகரக் கூரை, உட்காரக் கோரைப்பாய். மழை பிடித்தால் உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மூக்குப்பொடி போடுவார், மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அவருக்குப் பின்னால் சுவரில் துணியில் ஒட்டிய உலகப்படம் ஒன்று தொங்கும். வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. கடலின் நீலம் வெளுத்துக் கஞ்சித்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. கீழ் மூலையில் இரண்டு தேசங்களை எலி தின்றுவிட்டது. பிரசங்கம் நீளும்போதெல்லாம் நான் அந்தப் படத்தில்தான் கப்பல் விட்டுக்கொண்டிருப்பேன்.

புதுவருட ஆராதனையில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கிற வழக்கம் எல்லாச் சபைகளிலும் உண்டு. நம் உபதேசியார் அதோடு தேசச் சீட்டு என்று ஒன்றையும் வைத்தார். வீட்டுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு தேசம். வருடம் முழுக்க அந்த வீடு அந்தத் தேசத்துக்காக ஜெபிக்க வேண்டும். உலை வைக்கும்போதெல்லாம் அந்தத் தேசத்தின் பேரைச் சொல்லி ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கலயங்கள் கூடத்துக்கு வரும். சேர்ந்த அரிசி மூட்டையாகி மலையிறங்கும். எந்தச் சீனாக்காரன் அதைத் தின்றான் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

சீட்டு விழுந்த நாளிலிருந்து நம் பெண்களுக்குப் பேரும் அதுவே. அடுத்த வீட்டுச் சித்தி சீனத்துச் சித்தியானாள். கங்காணி வீட்டு அத்தை இங்கிலாந்து அத்தை. கொழுந்துக் காட்டில் நிரையில் நின்றுகொண்டு, "ஏ எகிப்து, உன் கூடை வழியுது பாரு" என்று கூப்பிடுவார்கள். சீனாவில் பஞ்சம் என்று உபதேசியார் சொன்ன வாரம் முழுக்கச் சித்திக்கு மவுசு. தன் வீட்டுப் பஞ்சத்தைப் பற்றிக்கூட அவள் அத்தனை உருக்கமாகப் பேசியதில்லை. இங்கிலாந்து அத்தைக்குத்தான் சங்கடம்.

"துரைமாரு தேசத்துக்கு என்னத்தக் கேட்டு ஜெபிக்க? அவுக நல்லாத்தான இருக்காக! குளிரு கொஞ்சம் கொறையட்டும்னு வேணாக் கேக்கலாம்" என்பாள். அவள் கலயத்தில்தான் அரிசி எப்போதும் குறைவு.

உபதேசியாருக்குத் தீர்க்கதரிசிகள் என்றால் உயிர். ஒல்லியான மனிதர். முழங்கை தேய்ந்த கறுப்புக் கோட்டு. ஆண்டவர் கூப்பிட்டதும் அவர்களில் பெரும்பாலானவர்கள் எப்படித் தட்டிக் கழிக்கப் பார்த்தார்கள் என்பதை அவர் நடித்தே காட்டுவார். ஒருவர், நான் சின்னப்பிள்ளை என்றார். ஒருவர், எனக்கு நாக்குத் திக்கும் என்றார். இன்னொருவர் அந்நிய ஜனத்திடம் போகச் சொன்னதும் எதிர்த்திசையில் கப்பலேறி ஓடி, மீன் வயிற்றில் போய்த்தான் நின்றார். மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்க வைப்பவர், ஓடிப்போன அந்த ஒருவரிடம் வரும்போது மட்டும் சிரிக்க மாட்டார். "நம்ம சபையிலயும் ஒரு ஆள் எழும்பணும். தேசங்களுக்குப் போக ஒரு ஆள்" என்று முடிப்பார். ஆண்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்வார். ஆண்கள் பாயைப் பார்ப்பார்கள்.

அந்த வருடத்துச் சீட்டுகளை எழுதும் வேலை ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளான நமக்கு வந்தது. எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு தேசம். எனக்கு எகிப்தும் துருக்கியும். அன்று காலை புல்லெல்லாம் உறைபனி பிடித்து உப்புப் போட்டது போலக் கிடந்தது. விரல் மடங்கவில்லை. எகிப்தை எழுதி முடித்தேன். அப்போது வெளியே பாதையில் கழுதைகள் போயின. நம் மலையில் அதுவரை நான் கழுதையைக் கண்டதில்லை. அவற்றின் முதுகில் சட்டி, பாய், கோழிக்கூடு, ஒரு கைக்குழந்தைகூட இருந்தது. மேல் டிவிஷனுக்கு ரோடு போட மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த கல்லுடைக்கிறவர்கள். எட்டிப் பார்த்தேனா, என் மைக்கூடு மடியில் கவிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் மை கேட்டால் உபதேசியார் தலையில் குட்டுவார். அவர் குட்டுக்கு இரண்டு நாள் வலி உண்டு. துருக்கிக்கான தாளை எழுதாமலேயே மடித்துக் கூடையில் போட்டுவிட்டேன். அத்தனை சீட்டில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் அது என் அம்மாவுக்கு விழுந்தது.

அம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழு வயதில் பெரியம்மை வந்து முகம் முழுக்கக் குழி விழுந்தவள். அந்த முகத்தால் கல்யாணப் பேச்சு நாலு இடத்தில் முறிந்து, ஐந்தாவதாக அப்பா வந்தார். மிஸ்ஸியம்மா சபையாரை நிற்க வைத்துப் போட்டோ பிடித்தபோது அம்மா உயரமான இருவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தப் போட்டோவில் அவளுடைய முந்தானை மட்டும் தெரியும். இப்போது அந்தப் போட்டோவும் இல்லை.

அப்பா தேயிலைப் பாக்டரியில் வேலை. சபையில் மூப்பர்களில் ஒருவர். அன்றைக்குச் சீட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். வாசிக்கத் தெரியாத பெண்கள் சீட்டை அப்படியே உபதேசியாரிடம் நீட்டுவார்கள். அம்மா பிரித்தாள், புரட்டினாள், மறுபடியும் புரட்டினாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே ஐயா."

நான் பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டேன்.

உபதேசியார் வாங்கிப் பார்த்தார். "யாரோ எழுதாம விட்டிருக்காங்க. துருக்கியைத்தான் காணோம். துருக்கின்னு வச்சுக்குங்கம்மா."

அம்மா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இருக்கட்டும் ஐயா. வெறுஞ்சீட்டா விழுந்தா வெறுஞ்சீட்டாவே இருந்துட்டுப் போகட்டும். எந்த தேசம்னு ஆண்டவரே காட்டட்டும்."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அப்பாவின் காது சிவந்தது. அம்மா சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து லயத்தில் அவளுக்குத் தேசமில்லாதவள் என்று பேர்.

கல்லுடைக்கிறவர்கள் ஓடைக்கு அக்கரையில், இப்போது அணைத் தண்ணீர் நிற்கிற பக்கத்தில், புல் வேய்ந்த குடிசைகள் போட்டார்கள். அம்மாவும் நானும் விறகுக்குப் போகும்போது மரப்பாலத்தைத் தாண்டி அவர்கள் வழியாகத்தான் போவோம். நெற்றியில் பச்சை குத்திய பெண்கள். அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது, நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. ஒருநாள் ஒரு பெண் கேப்பைக் களியை உருட்டி என் கையில் வைத்தாள். பிறகு அம்மாவின் கன்னத்துக் குழியில் ஒரு விரலை வைத்துப் பார்த்து என்னவோ கேட்டாள். நம் லயத்தில் யாராவது அப்படித் தொட்டிருந்தால் அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள். அன்றைக்குச் சிரித்துவிட்டு, தன் இடுப்பளவுக்குக் கையைக் காட்டி, இவ்வளவு உயரத்தில் இருந்தபோது வந்தது என்று சைகை செய்தாள்.

பங்குனி வெயில் ஏறியதும் அந்தக் குடிசைகளில் பெரியம்மை கண்டது. ஆப்பீஸிலிருந்து வசூரி என்று மலையாளத்தில் எழுதிய பலகை வந்தது. பாலத்தின் குறுக்கே கயிறு கட்டி அதில் சிவப்புத் துணி முடிந்தார்கள். காவலுக்கு ஒரு ஆள். கம்பவுண்டர் வந்து பிள்ளைகளான நம்மையெல்லாம் வரிசையில் நிறுத்தி அம்மை குத்தினார், பெரியவர்களுக்கும் கைப்பிள்ளைகளுக்கும் மருந்து போதவில்லை. உங்கள் இடது கையைத் திருப்பிப் பாருங்கள், அந்தத் தழும்பு இருக்கும். யாரும் அக்கரைக்குப் போகக்கூடாது, அங்கிருந்தும் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. அவர்கள் கடைக்கு எப்படி வருவார்கள், எதைத் தின்பார்கள் என்பதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

நம் கூடத்தில் அந்த ஞாயிறு உருக்கமான ஜெபம் நடந்தது. சீனாவுக்கும் பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடந்தது. சீனத்துச் சித்தி அழுதேவிட்டாள். ஜெபம் முடிந்து கலயங்களைக் கொட்டும்போது அம்மாவின் கலயம் காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறும் காலி. மூன்றாவது ஞாயிறு இங்கிலாந்து அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, மூணு வாரமாக் கலயம் காலியா வருதே. உங்க வீட்டுல ஒலை வைக்கலியா?"

"வைக்கேன்க்கா. பிடியரிசியும் எடுத்துத்தான் வைக்கேன். இங்க கொண்டாரல."

"பெறகு எங்க கொண்டுபோற?"

"பாலத்துக்கிட்டப் பாறையில வைக்கேன். காவக்காரரு கண்டுக்கிடுததில்ல. அக்கரையில உள்ளவுக வந்து எடுத்துக்கிடுதாக."

கூடத்தில் ஒரே சத்தம். ஆண்டவருக்கு எடுத்த அரிசி, தேசங்களுக்கு எடுத்த அரிசி என்று கங்காணி மாமா எழுந்து நின்று கத்தினார். அப்பா தலை நிமிரவில்லை. உபதேசியார் கையமர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இரக்கப்பட்டுக் கொடுக்கிறதுன்னா உங்க அரிசியில கொடுங்க. பிடியரிசி தேசங்களுக்குன்னு பிரிச்சு வச்சது."

"ஐயா, அவுக எந்த ஊரு?"

"மைசூர்ப் பக்கம்."

"அங்க ராசா யாரு?"

"மைசூர் மகாராஜா."

"இங்க?"

"திருவிதாங்கூர் மகாராஜா. அதுக்கென்னம்மா?"

"ராசா வேற, பேச்சு வேற, திங்கிற சோறு வேற. அப்ப அதுவும் வேற தேசந்தான ஐயா?"

உபதேசியார் திரும்பிப் படத்தைப் பார்த்தார். நாம் எல்லாருமே பார்த்தோம். படத்தில் இமயமலை முதல் குமரிவரை ஒரே ரோஸ் நிறம்.

"படத்துல அப்படி இல்லையேம்மா."

"படம் வரைஞ்சவுகளுக்குத் தெரியல போல" என்றாள் அம்மா.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கங்காணி மாமா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மூன்று வாரத்து அரிசியை அடுத்த ஞாயிற்றுக்குள் கொண்டுவந்து வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து அம்மாவுக்குக் கிடையாது என்று தீர்ப்பானது. அதை வாயால் சொன்னவர் உபதேசியார். அந்த மனிதரை நான் அப்போது எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவருடைய பொடி டப்பாவில் மிளகாய்த்தூளைப் போடத் திட்டமெல்லாம் வைத்திருந்தேன்.

புதன்கிழமை அம்மா பாறையில் வைத்த அரிசி வியாழக்கிழமையும் அப்படியே இருந்தது. காக்கை கிளறியிருந்தது. அம்மா நெடுநேரம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு குடிசையிலும் புகை இல்லை.

"சோறாக்குறவுகளும் படுத்துட்டாக" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். தான் போகப் போவதாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். கம்பவுண்டரிடமும் வழியிலேயே பேசிவிட்டிருந்தாள். போனால் கடைசி ஆளுக்கு அம்மை இறங்கிப் பொருக்கு உதிரும்வரை திரும்பி வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "ஏளா, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? பத்து மாசத்துப் பால்குடிப் பிள்ளைய விட்டுட்டா போவ? போறதுன்னா உபதேசியார் போகட்டும். அதுக்குத்தான அவர வச்சிருக்கு!"

"அவருக்கு வழவழன்னு முகம் இருக்கு. போனா அள்ளிக்கிட்டுப் போயிரும். எனக்கு வந்து போயாச்சு. ஒருக்க வந்தவுகளுக்கு மறுக்க வராதுன்னு கம்பவுண்டரே சொல்லுதாரு."

"பிள்ளைக்கு?"

தம்பி தரையில் உட்கார்ந்து ஈயத் தம்ளரைக் கடித்துக்கொண்டிருந்தான். சீனத்துச் சித்திக்கும் கைப்பிள்ளை இருந்தது. அவள்தான் வாசலில் நின்றபடி, "ரெண்டு பக்கமும் பால் இருக்குல்லா, இவனுக்கு ஒரு பக்கம் கொடுக்கேன்" என்றாள். கூடத்தில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. மனிதர்களை ஒரு நாளை வைத்து எடை போடக்கூடாது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்போது அவள் மேலும் கோபம்தான் வந்தது. அவள் பால் கொடுக்காவிட்டால் அம்மா போக முடியாதல்லவா?

அம்மா துணியை எடுத்து வைக்கத் தொடங்கியபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அந்தச் சீட்டு ஆண்டவர் போட்டது இல்ல."

"எந்தச் சீட்டு?"

"வெறுஞ்சீட்டு. நாந்தான் எழுதாமப் போட்டேன். மை கொட்டிப் போச்சு. ஐயா குட்டுவாருன்னு பயந்து மடிச்சுப் போட்டுட்டேன். உன்ன யாரும் கூப்பிடல. நீ போகாத."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா சேலையை மடித்து முடித்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி."

"எப்படி?"

"உன் பாவாடையில மையா இருந்துச்சு. துவைச்சது யாரு?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தெரிஞ்சுமா போற?" என்று கத்தினேன்.

அம்மா உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எழுதின சீட்டுன்னா ஐயா வாசிச்சுச் சொல்லணும், நான் கேட்டுக்கணும். வருசா வருசம் அப்படித்தான். இது ஒண்ணுதான்ட்டி நானே வாசிச்ச சீட்டு." பிறகு என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "சீட்டு நீ எழுதாம விட்டதுதான். ஆனா இந்த முகத்துல எழுதுனது நீ இல்லல்லா? இத எதுக்குக் கொடுத்தீருன்னு ஆண்டவர்ட்ட இத்தன வருசமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அந்தக் கன்னத்தை நான் அதுவரை எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கரடுமுரடாக இருப்பது கையில் தெரிந்தது.

மறுநாள் காலை அம்மா பாலத்துக் கயிற்றுக்கு அடியில் குனிந்து அக்கரைக்குப் போனாள். தலையில் கஞ்சிப் பானை. தோளில் கம்பளி. தம்பியைச் சித்தியிடம் கொடுக்கும்போது அவள் அழவில்லை. பாலத்தின் பாதியில் மட்டும் ஒருமுறை நின்றாள். பால் கட்டி வலித்திருக்கும் என்று பிற்பாடு நானே பிள்ளை பெற்றபோது தெரிந்தது.

அதன் பிறகு வந்த வாரங்கள் எனக்குக் கோர்வையாக இல்லை. தினமும் சாயங்காலம் பாக்டரிச் சங்கு ஊதியதும் நான் ஓடைக்கு ஓடுவேன். அக்கரைக் குடிசைகளில் புகை எழும். அம்மா வெளியே வந்து முந்தானையை வீசிக் காட்டுவாள். ஓடைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. சாப்பிட்டாயா என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் கேட்பாள். நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்துவிடுவேன். அப்படிச் சில நாள் செய்தேன். வேண்டுமென்றே செய்தேன்.

அப்பா வீட்டில் அம்மாவின் பேரையே எடுக்கவில்லை. பெரிய கல்நெஞ்சு என்று நினைத்தேன். ஆனால் விடிந்ததும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கட்டு விறகைக் கொண்டுபோய்ப் பாறையில் போட்டுவிட்டுத்தான் பாக்டரிக்குப் போயிருக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று அம்மா பின்னால் சொன்னாள். அதே பாறையில் முதலில் சீனாவின் அரிசி வந்தது. பிறகு பர்மா, எகிப்து. கடைசியில் ஒருநாள் இங்கிலாந்து அத்தை கங்காணி மாமாவுக்குத் தெரியாமல் மடியில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினாளாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கலயமும் காலியாக வந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. திருவிருந்துப் பேச்சும் அதோடு நின்றது.

இன்னொன்றும் அம்மா சொன்னாள், அவளுடைய கடைசிக் காலத்தில். உபதேசியார் மூன்று நாள் விடிகாலையில் அந்தக் கறுப்புக் கோட்டோடு பாலம்வரை வந்திருக்கிறார். ஒருநாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டுகூட நின்றிருக்கிறார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அம்மா குடிசைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள், வெளியே வரவில்லை. "நான் பாத்தேன்னு தெரிஞ்சா அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்?" என்றாள். அவர் இருந்தவரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் போடாமல் விட்டதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

நடுவில் தம்பிக்குச் சளி கட்டி மூச்சு இரைத்தது. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்பா அவனைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். இங்கிருந்து அவனைத் தூக்கிக் காட்டினார். அங்கே அம்மா தண்ணீரில் முழங்கால்வரை இறங்கிவிட்டாள். பிறகு நின்றாள். இந்தக் கரைக்கு வந்தால் தன் துணியிலிருந்தே அவனுக்கு ஒட்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே பின்னால் நகர்ந்து கல்லில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போது குடிசையிலிருந்து ஒரு பெண் தள்ளாடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேப்பைக் களி கொடுத்தவள்தான் என்று நினைக்கிறேன். அவளுடைய முகமும் இப்போது அம்மாவின் முகம் போல ஆகியிருந்தது. இருவரும் நாங்கள் மறையும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி நாலு நாளில் தேறிவிட்டான்.

முதல் கோடை மழை பெய்த மறுநாள் சிவப்புத் துணியை அவிழ்த்தார்கள். அம்மா போட்டிருந்ததையெல்லாம் அக்கரையிலேயே எரித்துவிட்டு, வேப்பிலைத் தண்ணீரில் குளித்து, சித்தி கொண்டுபோய் வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். லயமே வாசலில் நின்றது. சித்தியின் இடுப்பிலிருந்த தம்பிக்கு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வீறிட்டுக்கொண்டு சித்தியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மறுபடி நீட்டினாள், மறுபடி அழுதான்.

"சரி சரி. இருக்கட்டும். பிள்ளைய அழ விடாத" என்று அம்மா கையை இறக்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். நான் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஐந்து நாள் இப்படியே போனது. அவள் பக்கத்தில் வந்தாலே தம்பி அலறுவான். அவள் சோறாக்கிச் சித்தியிடம் கொடுப்பாள், சித்தி ஊட்டுவாள். நானும் அவளோடு பேசவில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பிரசங்கம் செய்யவில்லை. அம்மாவை எழுந்து முன்னால் வரச் சொன்னார். நம் கூடத்தில் ஒரு பெண் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. முந்தானையால் முகத்தை மூடாமல் நின்றாள். உபதேசியார் ஆண்கள் பக்கத்துப் பாயில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அந்த ஜனங்களுக்கு என்ன சொன்னீங்கம்மா? சபைக்குச் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் சொல்லல ஐயா" என்றாள் அம்மா. "அவுக பேச்சு எனக்குத் தெரியாதுல்லா. கஞ்சி காய்ச்சினேன். தண்ணி கொடுத்தேன். வேப்பிலையால வீசினேன். ரெண்டு பிள்ளைகளும் ஒரு பெரியவரும் போயிட்டாக. குழி தோண்ட ஆளில்லாம நானும் ஒரு பொம்பளையும் தோண்டினோம். அந்தப் பிள்ளைக பேருகூட எனக்குச் சொல்லத் தெரியல. மத்தவுக எழுந்திரிச்சிட்டாக..."

கூடத்தில் அவள் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லை. அவள் அந்த ஐந்து நாளும் வீட்டில் அத்தனை பேசவில்லை. சித்தியின் மடியில் படுத்திருந்த தம்பி தலையைத் தூக்கினான். இங்கும் அங்கும் பார்த்தான். மடியிலிருந்து வழுக்கி இறங்கிப் பாயில் தவழத் தொடங்கினான். பெண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். அவன் நேராகப் போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

அம்மா சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டாள். குனிந்து அவனைத் தூக்கினாள். அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். போகும்போது அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. மீதியைச் சொல்லுங்கம்மா என்று உபதேசியார் கேட்கவில்லை. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மா நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, காலியாக இருந்த கையை என் பக்கம் நீட்டினாள்.

என் வயதுக்காரர்களே, உங்களில் பலர் அன்று அந்தப் பாயில் இருந்தீர்கள். நான் உடனே எழுந்து ஓடினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை. எனக்கும் கொஞ்சம் காத்திரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணினேன். அதுவரை அவள் கையை இறக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

அவள் போய் நாற்பது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பத்தையும் எண்ணாமல் ஓடியிருக்கலாம்.